ஒரு ஷெங் எத்தனை லிட்டர்? எந்த ஷெங் என்று முதலில் கேளுங்கள்

ஷெங் என்பது சீனர்களின் முகத்தலளவை. ஒரு ஷெங் என்றால் எத்தனை லிட்டர்? ஒரு லிட்டர். அளவு மாற்றும் கருவி எதில் போட்டாலும் அநேகமாக இதுதான் வரும், தப்பும் இல்லை. இந்தப் பதிலை நம்பித்தான் ஒருநாள் ஒரு பழைய சீன மருத்துவக் குறிப்பைப் படிக்க உட்கார்ந்தேன். நோயாளி ஒரே மூச்சில் ஒரு லிட்டர் கஷாயம் குடித்துவிட்டு, அதன் மேலே ஒரு லிட்டருக்கும் அதிகமாகக் கஞ்சியும் குடிக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. காய்ச்சல்காரனுக்கு இரண்டு லிட்டர்! எங்கேயோ தவறு இருக்கிறது என்று புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை, வயிறு இருந்தால் போதும்.

அந்தக் குறிப்பு குய்ஜி கஷாயத்துக்கானது. கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற மருத்துவர் எழுதிவைத்தது, சீன மருத்துவம் படிப்பவர்கள் முதலில் படிக்கும் கஷாயங்களில் ஒன்று. லவங்க மர வகை ஒன்றின் இளங்கிளை, அதிமதுரம், இஞ்சி, சீன இலந்தைப் பழம் பன்னிரண்டு, இன்னொரு வேர், இவ்வளவுதான் சரக்கு. செய்முறை இப்படிப் போகிறது: ஏழு ஷெங் தண்ணீர் விட்டு, இளந்தீயில் மூன்று ஷெங்காக வற்றவைத்து, சக்கையை வடித்து, சூடு பொறுக்கும் பதத்தில் ஒரு ஷெங் குடிக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு ஷெங்குக்குச் சற்று மேலாகச் சுடச்சுட நீர்க்கஞ்சி. (கஷாயத்தை வீட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லவில்லை, நமக்கு இங்கே தண்ணீர்க் கணக்கு மட்டும்தான் வேண்டும்.)

ஜாங் ஜோங்ஜிங் வாழ்ந்தது ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில். அப்போது ஒரு ஷெங் என்பது ஏறக்குறைய 200 மி.லி. இப்போது அதே குறிப்பைத் திரும்பப் படியுங்கள். 1.4 லிட்டர் தண்ணீர் வைத்து, 600 மில்லியாக வற்றவைத்து, 200 மில்லி ஒரு வேளைக்கு, பின்னாலேயே ஒரு கிண்ணம் கஞ்சி. மூன்று வேளைக்குக் கஷாயம் தயார். மனுஷன் குடிக்கிற அளவு!

சீன முகத்தலளவையை லிட்டராக மாற்றுவதில் உள்ள சிக்கல் முழுக்க இதுதான். பெருக்கல் கணக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும். எந்தக் காலத்து ஷெங், எந்த ஊர் ஷெங் என்று கேட்காமல் பெருக்க ஆரம்பித்தால்தான் விடை ஐந்து மடங்கு வரை தப்பிப்போகும்.

முதலில் ஏணிப்படியைப் பார்த்துவிடலாம், அது சுலபம். எல்லாம் பத்துப் பத்தாக ஏறும். பத்து கெ சேர்ந்தால் ஒரு ஷெங், பத்து ஷெங் ஒரு டோ, பத்து டோ ஒரு டான். கெவுக்குக் கீழே ஷாவ் என்று ஒன்று உண்டு, பத்து ஷாவ் ஒரு கெ. ஹூ என்று இன்னொரு பெயரும் பழைய நூல்களில் அடிக்கடி வரும். ஹான் காலத்தில் ஒரு ஹூ பத்து டோ, தெற்கு சோங் காலத்திலிருந்து அது ஐந்து டோவாகக் குறைந்துவிட்டது, அதாவது இரண்டு ஹூ சேர்ந்தால்தான் ஒரு டான். இந்த ஒரு இடறலைத் தவிர மற்றதெல்லாம் புள்ளியை நகர்த்துகிற வேலைதான். அதனால் ஷெங் எத்தனை மி.லி. என்று தெரிந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாகத் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் ஷெங்கையே பிடித்துக்கொண்டு தொங்குவது அதனால்தான்.

சரி, அந்த ‘ஒரு ஷெங் = ஒரு லிட்டர்’ எங்கிருந்து வந்தது? 1929-இல் சீனக் குடியரசு ஒரு அளவைச் சட்டம் போட்டது, 1930 முதல் நடைமுறை. மெட்ரிக் முறைதான் நாட்டின் அதிகாரபூர்வ அளவு, ஆனால் சந்தையில் ஜனங்கள் பழைய பெயர்களை விடமாட்டார்கள் என்பதால், அந்தப் பெயர்களை மெட்ரிக்கோடு சுலபமாக ஒட்டும்படி கொஞ்சம் இழுத்தும் நறுக்கியும் பொருத்திவிட்டார்கள். ஒரு லிட்டர் ஒரு ஷெங், ஒரு கிலோ இரண்டு ஜின், ஒரு மீட்டர் மூன்று சீ. சீனர்கள் இதை ‘ஒன்று-இரண்டு-மூன்று முறை’ என்றே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் அளவைச் சீர்திருத்தங்களிலேயே இவ்வளவு புத்திசாலித்தனமானது குறைவு, ஒரு தடவை கேட்டால் மறக்காது. இந்த முறையில் ஒரு கெ 100 மி.லி., ஒரு டோ 10 லிட்டர், ஒரு டான் 100 லிட்டர்.

இன்று சீனாவில் அரிசியை யாரும் ஷெங் போட்டு வாங்குவதில்லை, ஜின் கணக்கில் எடைபோட்டுத்தான் வாங்குகிறார்கள். ஆனால் சொல் போகவில்லை. லிட்டருக்கே சீன மொழியில் ஷெங் என்றுதான் பெயர். பால் பாக்கெட், குளிர்சாதனப் பெட்டி, கார் எஞ்சின், முதுகுப்பை என்று கொள்ளளவு போட்டிருக்கும் இடமெல்லாம் ஷெங்தான். மில்லிலிட்டர் ஹாவ்ஷெங். ஆக, புதுப் பொருளின் மேல் ஷெங் என்று பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு லிட்டர் என்று படிக்கலாம். பழைய புத்தகத்தில் பார்த்தால் கண்ணைத் திறக்க வேண்டும்.

ஒரு படி பின்னால் போனால், குடியரசுக்கு முன்பு ஆண்ட சிங் வம்சம். அங்கே ஒரு ஷெங் 1.0354688 லிட்டர். இந்த எண்ணை முதலில் பார்த்தபோது, தசமப் புள்ளிக்குப் பிறகு ஏழு இலக்கம் வரைக்கும் ஒரு பழைய அளவு எப்படித் துல்லியமாக இருக்க முடியும் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. சிங் அரசு ஷெங்கை ஒரு பெட்டியின் கன அளவாக வரையறுத்திருந்தது, 31.6 கன சுன். சுன் என்பது அவர்களுடைய நீள அளவு, சீயில் பத்தில் ஒரு பங்கு. கட்டட வேலைக்கான அரசாங்க சீயின் நீளம் 32 செ.மீ. என்று பிற்பாடு நிர்ணயம் ஆனதால் ஒரு சுன் 3.2 செ.மீ. ஆயிற்று. 3.2-ஐ மூன்று முறை பெருக்கினால் 32.768. அதை 31.6-ஆல் பெருக்கினால் 1035.4688 கன செ.மீ. ஒரு கன சென்டிமீட்டர்தான் ஒரு மில்லிலிட்டர், ஆகவே 1035.4688 மி.லி. கடைசி இலக்கங்கள் எல்லாம் பெருக்கலில் வந்த வால்தான், சந்தையில் நெல் அளந்தவனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்றாடக் கணக்குக்கு 1.035 தாராளம்.

இதே வித்தையை இரண்டாயிரம் ஆண்டு பின்னால் போயும் செய்யலாம், அதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம். ஷாங்காய் அருங்காட்சியகத்தில் கைப்பிடி வைத்த ஒரு சின்ன வெண்கலப் பெட்டி இருக்கிறது. சின் நாட்டு அமைச்சர் ஷாங் யாங் கி.மு. 344-இல் செய்வித்த ஷெங். பக்கத்திலேயே எழுத்து வெட்டியிருக்கிறார்கள்: பதினாறும் ஐந்தில் ஒரு பங்கும் கன சுன் கொண்டது ஒரு ஷெங். உள்பக்கத்தை அளந்து பார்த்ததில் நீளம் 12.4774 செ.மீ., அகலம் 6.9742, ஆழம் 2.323. பெருக்குங்கள், 202.15 மி.லி. வரும். ஆழம்தான் ஏறக்குறைய ஒரு சுன் என்று வைத்துக்கொண்டால் அகலம் மூன்று சுன், நீளம் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 5.4. ஐந்து புள்ளி நான்கு பெருக்கல் மூன்று, பதினாறு புள்ளி இரண்டு. வெட்டிவைத்த எழுத்தும் பெட்டியும் ஒத்துப்போகின்றன! அன்றைக்கு அந்தப் பட்டறையில் வேலை பார்த்த ஆள் யாரோ, கை சுத்தமான ஆள்.

அந்தப் பெட்டியின் கதை அங்கே முடியவில்லை. 123 வருஷம் கழித்து, கி.மு. 221-இல் சீனா முழுவதையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்த சின் ஷி ஹுவாங், அளவைகளை ஒன்றாக்கும் ஆணையை அதே பெட்டியின் அடிப்பக்கத்தில் வெட்டவைத்தார். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, தன் நாட்டில் ஏற்கெனவே புழங்கியதை எல்லார் தலையிலும் கட்டினார். ஹான் வம்சமும் அதையே வைத்துக்கொண்டது. கி.பி. 9-இல் வாங் மாங் ஆட்சியில் வார்த்த ஒரு வெண்கலப் பாத்திரம் தைபேயில் உள்ள அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரே பாத்திரத்தில் ஐந்து அளவு, மேலே ஹூ, கவிழ்த்தால் டோ, காதுகளில் ஷெங்கும் கெவும் அதற்கும் சிறிய யுவேயும். அதிலும் ஷெங் கிட்டத்தட்ட 200 மி.லி.தான். ஆக சின், ஹான் காலம் என்றால் 200 என்று மனசில் குறித்துக்கொள்ளுங்கள், பெரிய பிழை வராது.

அப்புறம் எப்படி 200 வளர்ந்து 1035 ஆனது? வரியை நெல்லாக வாங்குகிற ஊரில் மரக்கால் சுருங்குமா? வாங்குகிறவன் கையில் அளவு இருந்தால் அது வளரத்தான் செய்யும். கி.பி. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளில் வடசீன அரசுகளின் கீழ் ஷெங் வீங்கிக்கொண்டே போனது. சுயி வம்சம் வந்ததும், பழைய மூன்று ஷெங்தான் இனி ஒரு ஷெங் என்று நடப்பை அப்படியே சட்டமாக்கிவிட்டார்கள். அதாவது 600 மி.லி. சோங் காலத்தில் அது இன்னும் கொஞ்சம் ஏறியது, யுவான், மிங் காலங்களில் ஒரு லிட்டரை நெருங்கிவிட்டது. இந்த இடைக்கால எண்கள் எல்லாம் தோராயம்தான், ஊருக்கு ஊர் மாறியிருக்கும்.

அளவை வைத்து அரசியல் செய்வதில் நேர் எதிராக நடந்த ஒரு கதையும் உண்டு. சின் ஷி ஹுவாங்குக்கு முன்பே, சி நாட்டில் தியான் என்ற பிரபுக் குடும்பம் ஜனங்களுக்குத் தானியம் கடன் கொடுக்கும்போது தங்கள் வீட்டுப் பெரிய அளவால் அளந்து கொடுத்து, திரும்ப வாங்கும்போது அரசாங்கத்தின் சின்ன அளவால் வாங்கியது. ஜனம் முழுக்க அந்தக் குடும்பத்தின் பக்கம் சாய்ந்தது, கடைசியில் கி.மு. 386-இல் நாடே அவர்கள் கைக்கு வந்தது. ஷெங் எத்தனை மில்லி என்பது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

சுயிக்கு அடுத்து வந்த தாங் வம்சத்தின் காலத்துக்கு வந்தால் தலைவலி கூடும், ஏனென்றால் அங்கே ஒரே நேரத்தில் இரண்டு ஷெங் புழக்கத்தில் இருந்தன. பெரியது 600 மி.லி. போல, சிறியது பழைய 200. மூன்று சிறியது ஒரு பெரியது. எதற்கு எது என்பதை அரசே சொல்லிவிட்டது. இசைக்குழல்களின் சுருதி கூட்ட, சூரியனின் நிழல் அளக்க, மருந்து கலக்க, சடங்கு உடைகள் தைக்க மட்டும் சிறிய அளவுகள், மற்ற எல்லாவற்றுக்கும் பெரியவை. எனவே தாங் கால நூலில் ஷெங் வந்தால் காலம் தெரிந்தாலும் போதாது, எதை அளக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். நெல்லும் சாராயமும் என்றால் 600-ஆல் பெருக்குங்கள், கஷாயம் என்றால் 200. மருந்துக்கு மட்டும் பழைய அளவை விட்டுவைத்தது எவ்வளவு நல்ல காரியம் என்று யோசித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் பழைய குறிப்புகளை வைத்துக் கஷாயம் போட்டவர்கள் எல்லாம் மூன்று மடங்கு குடித்திருப்பார்கள்.

இதுவரை பார்த்ததை ஒரு சின்னக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கி.பி. 405-இல் தாவ் யுவான்மிங் என்ற கவிஞர் பெங்ஜே என்ற ஊரில் அதிகாரியாக இருந்தார். மேலிடத்திலிருந்து ஒரு ஆய்வாளர் வருகிறார், கச்சையைச் சரியாகக் கட்டிக்கொண்டு போய்க் கும்பிடுங்கள் என்று ஆள் சொல்ல, ‘ஐந்து டோ அரிசிக்காக என் இடுப்பை வளைக்க மாட்டேன்’ என்று சொல்லி வேலையை விட்டுவிட்டுப் போனாராம். சீனர்கள் இன்றைக்கும் தன்மானத்துக்கு இந்த வார்த்தையைத்தான் சொல்வார்கள். கருவியில் ஐந்து டோவைப் போட்டால் 50 லிட்டர், அரிசி லிட்டருக்கு 800 கிராம் போல நிற்கும் என்று வைத்தால் 40 கிலோ, ஏறக்குறைய ஒரு மூட்டை. ஆனால் அவர் வாழ்ந்த ஜின் வம்சத்தின் காலத்தில் (எடை அளவான ஜின் வேறு) ஷெங் இன்னமும் 200-ஐ ஒட்டித்தான் இருந்தது. ஐந்து டோ என்றால் ஐம்பது ஷெங், ஐம்பதை 200-ஆல் பெருக்கினால் 10 லிட்டர், 8 கிலோ அரிசி. பையில் போட்டுக் கையில் தூக்கிப்போகிற சமாச்சாரம். அது மாதச் சம்பளமா, தினப்படியா, சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னமும் அடித்துக்கொள்கிறார்கள், ஆனால் 40 கிலோவுக்கும் 8 கிலோவுக்கும் நடுவில் அந்த வாக்கியத்தின் தொனியே மாறிப்போகிறது பாருங்கள்.

டான் வந்தால் இன்னும் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது கொள்ளளவா, எடையா? டானுக்கு எழுதும் எழுத்து உண்மையில் கல் என்று பொருள்படும் எழுத்து, பழங்காலத்தில் ‘ஷி’ என்று படித்தார்கள், கல்லை வைத்து எடைபோட்ட காலத்து மிச்சம். எடையாக இருந்தால் 120 ஜின், ஹான் காலத்து ஜின் 250 கிராம் என்று வைத்தால் 30 கிலோ. கொள்ளளவாக இருந்தால் பத்து டோ, அதே ஹான் காலத்தில் 20 லிட்டர். ஹான் அதிகாரிகளின் பதவிக்கே ‘இரண்டாயிரம் டான்’ என்று பெயர் இருந்தது, ஆனால் அந்தப் பதவியில் இருந்தவருக்கு மாதம் 120 ஹூ தானியம்தான் அளந்தார்கள், வருஷத்துக்கு 1440. பெயர் பெயராகவே நின்றுவிட்டது, அளவு வேறெங்கோ போய்விட்டது. இப்படிப்பட்ட இடத்தில் பெருக்கப் புறப்படுவதே வீண்.

பெரிய எண்ணையும் ஒன்று பார்த்துவிடலாம். தெற்கிலிருந்து பெருங்கால்வாய் வழியாகப் பெய்ஜிங்குக்கு வரியாகப் போன தானியம் வருஷத்துக்கு 40 லட்சம் டான் என்று 1472-இல் மிங் அரசு நிர்ணயித்தது, சிங் அரசும் அந்தக் கணக்கை ஒட்டியே ஓட்டியது. சிங் டான் 103.5 லிட்டர். பெருக்கினால் 41 கோடியே 40 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 800 கிராம் என்றால் 33 கோடி கிலோ, 3.3 லட்சம் டன். இங்கே டான் வேறு, டன் வேறு என்பதையும் சொல்லிவைக்கிறேன், அவசரத்தில் படித்தால் ஒரு எழுத்து கவிழ்த்துவிடும். இதே 40 லட்சம் டானை ஹான் அளவால் பெருக்கினால் 8 கோடி லிட்டர்தான் வரும்.

இன்னொரு விஷயம், அளக்கும்போது தலைதட்டியா கோபுரமாகவா என்பது. கலத்தில் தானியத்தைக் கொட்டியதும் மேலே குவிந்து நிற்பதை வழித்துவிட சீனர்கள் ‘கய்’ என்று ஒரு கோல் வைத்திருந்தார்கள், நேராக, மழமழவென்று இருக்கும். நாம் மேலே போட்ட கணக்கெல்லாம் அந்தக் கோலால் வழித்த பின்பு உள்ளதுதான். குவித்து அளந்து வாங்கியவன் எவ்வளவு கூடுதலாகக் கொண்டுபோனான் என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது.

சீனாவை விட்டு வெளியே போன ஷெங் வேறு உருவம் எடுத்தது. ஜப்பானில் அதன் பெயர் ஷோ, அளவு 1.8039 லிட்டர். அங்கேயும் பெட்டிக் கணக்குதான்: 4.9 சுன் நீளம், 4.9 அகலம், 2.7 ஆழம், ஜப்பானிய சுன் 3.03 செ.மீ. சாக்கே என்ற ஜப்பானிய அரிசி மதுவின் பெரிய பாட்டில் 1.8 லிட்டர் என்று ஒரு விநோத அளவில் வருவது அதனால்தான், அது சரியாக ஒரு ஷோ. ஜப்பான் ஆண்ட காலத்தில் இந்த அளவு தைவானுக்கும் போனது, அதனால் தைவான் ஷெங் என்று கண்டால் ஒரு லிட்டர் என்று எடுக்காதீர்கள், 1.8. கொரியாவின் ‘துவே’யும் இன்று அதே 1.8தான்.

ஷோவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சீனக் கெவின் ஜப்பானியத் தம்பி, பெயர் கோ, 180 மி.லி. அது உங்கள் வீட்டிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. மின்சார ரைஸ் குக்கரோடு வரும் அந்தச் சின்ன பிளாஸ்டிக் குவளை, சமையல் புத்தகத்துக் கப்புக்கு ஒருபோதும் ஒத்துவராமல் படுத்துமே, அதன் வாயளவு கோட்டில் 180 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஐந்தரைக் குவளை குக்கர் என்று விற்பதன் அர்த்தமும் இதுதான், ஐந்தரை கோ ஒரு லிட்டருக்கு ஒரு மயிரிழை குறைவு. ஹான் காலத்தில் கெ வெறும் 20 மி.லி.யாகத்தான் இருந்தது, அது வளர்ந்து வளர்ந்து ஜப்பானில் பழைய ஷெங்கையே தொட்டுவிடும் அளவுக்கு வந்துவிட்டது. ஆகவே ஜாங் ஜோங்ஜிங் சொன்ன ஏழு ஷெங் தண்ணீர் எவ்வளவு என்று கண்ணால் பார்க்க வேண்டுமானால் அந்தக் குவளையை எடுத்துப் பாத்திரத்தில் ஊற்றுங்கள், எட்டாவது குவளையில் கொஞ்சம் மிச்சம் வைத்துவிட்டு நிறுத்தினால் சரியாக இருக்கும்.